செல்லத்தின் கால் கேட்டது

அந்தமானில், ரங்கத் பஜாரில் அழகையாவைத் தெரியாதவர்கள் குறைவு. ரங்கத் பே ஐஸ் பிளாண்டில் இருபது வருஷத்துக்கு மேலாக மெஷின் ஓட்டுகிறவர். மீன்காரர்களுக்கும் பஸ் டிரைவர்களுக்கும் அவர் ‘அழகையா அண்ணே’. அவருக்குக் காது கேட்காது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது என்று அவர் நம்பினார். அவர் மனைவி செல்லமும் அப்படியே நம்பினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். செல்லம் அந்தப் பெரியவர்களைச் சட்டை செய்யாமல் அஞ்சாறு வருஷமாக மறைத்துக்கொண்டிருந்தாள்.

மறைத்தது காலால். கோயிலோ கல்யாண வீடோ மளிகைக் கடையோ, அவர் பக்கத்தில் ஒட்டி நிற்பாள். யாராவது அவரிடம் ஏதாவது கேட்டால், புடவைக் கரைக்குக் கீழே அவள் கால் நகர்ந்து அவர் காலை அழுத்தும். ஒரு அழுத்து என்றால் ‘ஆமா’. இரண்டு அழுத்து என்றால் ‘இல்லை’. மூன்றாவதாக ஒன்றும் கிடையாது; அதற்குமேல் பேச்சு நீண்டால் செல்லமே குறுக்கே விழுந்து பேசிவிடுவாள். ‘அழகையாவைப் பேசவே விடமாட்டா, வாயாடி’ என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். வாங்கினால் வாங்கிவிட்டுப் போகிறது, புருஷனுக்குச் செவிடன் என்ற பெயர் வராமல் இருந்தால் சரி என்று இருந்தாள்.

அவள் பக்கத்தில் இல்லாத நேரத்துக்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். எதிராளியின் உதட்டைப் பார்ப்பார். புரிந்தால் பதில். புரியாவிட்டால் முகமெல்லாம் சிரிப்பாக, “ஆமா ஆமா.” உலகத்தில் பாதிக் கேள்விகளுக்கு ‘ஆமா’ என்பதே போதுமான பதில் என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். மீதிப் பாதியில்தான் வினை வந்தது.

ஐஸ் பிளாண்டில் கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்கூடு அதிரும். காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று செல்லம் ஆதியிலேயே தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். “மெஷின் சத்தம் மாறினா எனக்குல்ல தெரியணும்? பஞ்ச வச்சிக்கிட்டு என்னத்த ஓட்ட?” என்று கேட்டவர் அவர். மெஷின் சத்தம் மாறாமல் பார்த்துக்கொண்டார். காதுதான் மாறிப்போயிற்று. இப்போது கம்ப்ரசர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே அதன் சுகதுக்கம் சொல்லிவிடுவார். மனிதர்கள்மேல் அப்படிக் கை வைத்துப் பார்க்க முடியாதே.

அவர்களுக்கு ஒரே மகள், ரூபா. மெயின்லேண்டில் படிக்கப் போனவள், சென்னையில் பிரவீன்குமார் என்ற பையனைத் தானே பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அழகையா கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். கல்யாணத்துக்கென்று கிளம்பி, போர்ட் பிளேயர் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் படகைவிட்டு இறங்கியபோது அந்த முறுக்கும் அங்கேயே இறங்கிவிட்டது. பந்தியில் நின்று பரிமாறியதென்ன, சம்பந்தி கையைப் பிடித்துச் சிரித்ததென்ன! ஆனால் முறுக்கிக்கொண்ட நாள்களை ரூபா மறக்கவில்லை. பெண்பிள்ளைகள் அப்பனின் கோபத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள், பட்டுப்புடவைபோல.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் போன் செய்வாள். வீட்டுக்குள் டவர் கிடைக்காது. வாசல் பலாமரத்தடியில்தான் கிடைக்கும். செல்லம் அங்கே நின்று பேசுவாள். அழகையா பக்கத்தில் நின்று, “என்ன சொல்றா, என்ன சொல்றா” என்பார். வீடியோவில் பேசிப் பார்த்தார்கள். படம் உறைந்து உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாகப் போனதில், உதட்டைப் படிக்கிறவருக்கு அதனால் ஒரு உபயோகமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லத்தின் இரண்டு கையும் மீன் அரிகிற வேலையில் இருந்தது. போன் அடித்ததும் அழகையா உற்சாகமாக எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனார். இவள் கையைக் கழுவிவிட்டு ஓடி வருவதற்குள் பேசி முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

“நல்லாப் பேசுனா. நானும் நல்லாப் பேசுனேன்.”

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. செல்லமே கூப்பிட்டாள். ரூபா எடுத்ததும் அழுதாள்.

“அம்மா, நான் உண்டாகியிருக்கேன்னு மொதல்ல அப்பாகிட்டதான் சொல்லணும்னு ஆசையாச் சொன்னேன். ‘ஆமா ஆமா’ன்னாரு. இன்னும் எம்மேல கோவமாப்பான்னு கேட்டேன். அதுக்கும் ‘ஆமா ஆமா’ங்கிறாரு. சிரிச்சுக்கிட்டே சொல்றாரும்மா!”

 சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று செல்லத்துக்குத் தெரியவில்லை.

“அது அப்பிடியில்ல, ரூபா...”

“நீ பூசி மெழுகாதம்மா. அப்பா அதச் சொன்னாரு, இதச் சொன்னாருன்னு எப்பவும் நீதான் சொல்ற. வளைகாப்புக்கு நான் அங்க வரணும்னா அவரே கூப்பிடட்டும். அவர் வாயால. இல்லேன்னா இங்கயே இருந்துக்கறேன்.”

உங்கப்பாவுக்குக் காது கேட்காதடி என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல முடியாது. ரூபா கல்யாணம் பேசும்போதே அழகையா செல்லத்தின் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். “செவிட்டு மாமனார்னு எம்பிள்ளைய அங்க ஒருத்தன் கேலி பண்ணக்கூடாது. பிள்ளைக்கும் தெரியக்கூடாது. எந்தலமேல சத்தியம்.” புருஷன் தலை சம்பந்தப்பட்ட சத்தியத்தில் விளையாடுகிற தைரியம் செல்லத்துக்கு இல்லை. மகள் கேட்ட கேள்வியையும் அதற்கு அவர் சொன்ன பதிலையும் அவரிடமே சொல்லலாம் என்றால், மனிதர் அன்றோடு ஒடிந்துபோய்விடுவார். ஆகவே பேரப்பிள்ளை வரப்போகிற செய்தியை மட்டும் சொன்னாள். ரூபா வர மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று இந்தப் பக்கம் ஒரு பொய். அப்பாவுக்கு வேலை மும்முரம் என்று அந்தப் பக்கம் ஒரு பொய். இரண்டு பானைக்கும் மூடி போட்டுக்கொண்டு நடுவில் இவள் வெந்தாள்.

நாள் கிடந்தால் ஆகாது. மாதம் ஏற ஏற பிளேன்காரன் ஏற்றமாட்டான். கப்பலில் அந்த வயிற்றோடு மூன்று நாள் ஆடிக்கொண்டு வரமுடியாது. சத்தியமும் உடையாமல் மகளும் வர ஒரே வழி, அவர் காது கேட்கவேண்டும்.

போர்ட் பிளேயருக்கு ஒரு வேலையாகப் போனபோது காது மெஷின் விற்கிற ஒரு கடைக்குள் செல்லம் தைரியமாக நுழைந்தாள். கடைக்காரப் பையன் விலையைச் சொன்னதும் அவளுக்கே கொஞ்ச நேரம் காது கேட்கவில்லை. ஒரு காதுக்கு மட்டுமா என்று கேட்டாள். ஒரு காதுக்குத்தான் என்றான். கழுத்துச் செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள். அதை விற்றாலும் அரைக் காதுதான் தேறும்.

கடைசியில் வழி பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. ஹெல்த் சென்டரில் வேலை பார்க்கும் ஸ்வப்னா, வீட்டில் பெங்காலி, வெளியில் ஹிந்தி, செல்லத்திடம் மட்டும் இரண்டிலும் தமிழைக் கலந்து பேசுகிறவள். அவளிடம் செல்லம் சுற்றி வளைத்து ஆரம்பித்தாள்.

“திக்லிபூர்ல எனக்கு ஒரு சொந்தக்காரர் இருக்காரு. அவருக்குக் கொஞ்சம் காது மந்தம். கவர்மென்ட்ல ஏதாச்சும் உதவி உண்டா?”

ஸ்வப்னா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “திக்லிபூர் சொந்தக்காரர். டீக் ஹை, தீதி, சரிக்கா. உண்டு. நாப்பது பர்சென்ட் காது போயிருக்குன்னு டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தா மெஷின் ஃப்ரீ. வருமானம் கம்மின்னு தாசில்தார் ஆபீஸ்ல ஒண்ணு வாங்கணும். அடுத்த வாரம் போர்ட் பிளேயர்லேருந்து டீம் வருது, இங்க ஒரு நாள், மாயாபந்தர்ல ஒரு நாள். அந்தச் சொந்தக்காரரை இங்கயே கூட்டிட்டு வாங்க. திக்லிபூர்லேருந்து பாவம், தூரம்.”

கடைசி வார்த்தையில் இருந்த சிரிப்பைச் செல்லம் கவனிக்கவில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

தாசில்தார் ஆபீசுக்கு அவள் நடந்த நடையைச் சொன்னால் கதை இன்றைக்கு முடியாது. அதைவிடப் பெரிய நடை அழகையாவிடம் நடக்க வேண்டியிருந்தது. “ஓசி மெஷின மாட்டிக்கிட்டு பஜார்ல போகச் சொல்றியா? அதுக்கு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டுப் போயிரலாம்” என்றார். “மாட்டவேணாம். சும்மா டெஸ்ட்டு. எவ்வளவு கேக்குதுன்னு பாத்துட்டு வந்துரலாம்” என்று இவள் இறங்கி வந்தாள். எவ்வளவு கேட்கிறது என்று காட்ட ஒரு வாய்ப்பு என்றதும் அவர் சட்டையை மாற்றிக்கொண்டார்.

காம்ப் நடந்த ஹாலில் ஏகப்பட்ட கூட்டம். டெஸ்ட் மட்டும் பின்பக்கத்து அமைதியான அறையில். மெஷினுக்கு முன்னால் கவிப்ரியா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது என்று அவளே சொன்னாள். அழகையா காதில் ஹெட்போனை மாட்டி, சுவரைப் பார்த்து உட்காரவைத்தாள்.

“ஐயா, சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க. எவ்வளவு மெல்லிசாக் கேட்டாலும் தூக்குங்க.”

“நான் பக்கத்துல இருக்கட்டுமா தாயி? அவுகளுக்கு எடுத்துச் சொல்லணும்” என்று செல்லம் கேட்டாள். இருக்கட்டும் என்றாள் அந்தப் பெண்.

ஹெட்போன் பழசு. பஞ்சு தேய்ந்து காதோடு சரியாக ஒட்டாமல் இருந்தது. வெளியே பூனைக்குட்டி கத்துவதுபோல ‘பீ’ என்று ஒரு சத்தம் கசிந்தது. அழகையா சிலைபோல இருந்தார். மறுபடியும் ‘பீ’. அவர் விரல் எழுந்தது. அப்புறம் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்தது. செல்லம் பெருமாளை வேண்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

கவிப்ரியா தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். “ஐயா” என்று முதுகுப்பக்கமிருந்து கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. மறுபடியும் தாளைப் பார்த்தாள். வெளியே வரிசை கத்திக்கொண்டிருந்தது.

“அம்மா, கணக்குப்படி ஐயாவுக்கு இருபது பர்சென்ட் சொச்சம்தான் குறைவு. இதுக்குச் சர்டிபிகேட் கிடைக்காது. சர்டிபிகேட் இல்லாம மெஷின் ஃப்ரீயா வராது. எனக்கே கொஞ்சம் குழப்பமாத்தான் இருக்கு. ஆனா மெஷின் காட்டறதத்தான நான் எழுத முடியும்?”

செல்லம் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அழகையா அவளுக்கும் தனக்கும் டீ வாங்கி வந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கிய பிள்ளைகூட அப்படி நடந்து வராது.

“பாத்தியா, பாஸாயிட்டேன். ஒண்ணு விடல. எல்லாத்தையும் கரெக்டாச் சொல்லிட்டோம்ல?”

“என்னது, சொல்லிட்டோமா?”

“நீ அழுத்த அழுத்த நான் தூக்குனேன். மொத ஒண்ணு ரெண்டு தப்பிருச்சு. அப்புறம் பிடிச்சுக்கிட்டோம்.”

செல்லம் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். செருப்பு, மெட்டி, கொஞ்சம் சேறு. ஒன்றும் அறியாத பிள்ளைபோல இருந்தது அந்தக் கால். அவளைக் கேட்காமல், அவளுக்குத் தெரியாமல், அறைக்குள் ‘பீ’ என்று கேட்டபோதெல்லாம் அது போய் அவர் காலை அழுத்தியிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்தது என்பார்களே, அந்தப் பிள்ளையாரையும் இவளே பிடித்தாள், குரங்காக்கியதும் இவளே. சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

“என்னடி இது, நடு பஸ் ஸ்டாண்ட்ல?” அழகையா பதறினார்.

அவள் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள். உதட்டை அவர் நன்றாகப் பார்க்கும்படி, ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாகச் சொன்னாள்.

“ரூபா வராததுக்கு மாப்பிள்ளை லீவு காரணமில்ல.”

“பின்ன?”

“அன்னைக்குப் பலாமரத்தடியில பேசுனீகளே. உண்டாகியிருக்கேன்னு அவ மொதல்ல உங்ககிட்டதான் சொன்னா. இன்னும் கோவமாப்பான்னு கேட்டிருக்கா. நீங்க ஆமா ஆமான்னு சொல்லியிருக்கீக.”

அழகையா கையிலிருந்த டீ கிளாஸ் அப்படியே நின்றது.

“நானா? கோவம்னா சொன்னேன்?”

“சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கீக. அப்பாவே வாயால கூப்பிட்டாத்தான் வளைகாப்புக்கு வருவேங்கிறா. நான் உங்க காலையும் அழுத்தி, அவ வாயையும் அடைச்சு, ரெண்டு பேருக்கும் நடுவுல சுவராட்டம் நின்னுட்டேன். உங்க காது கெட்டதுக்குக் கம்ப்ரசர் பாதி காரணம்னா நான் பாதி. நான் மறைச்சு மறைச்சு வச்சதாலதான் இத்தன வருஷம் டாக்டர்கிட்டயே போகல.”

தன்னைப் பற்றி அவள் சொன்னது எதுவும் அவருக்குள் போகவில்லை. ‘கோவம்’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டார். மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ரங்கத் பஜார் முழுக்கச் சுற்றியவர் அவர். அவள் சிரித்தால் சிரித்து, அவள் இருமினால் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். அந்தப் பிள்ளை வயிற்றில் ஒரு பிள்ளையோடு அழுதிருக்கிறது, இவர் பலாமரத்தடியில் நின்று பல்லைக் காட்டியிருக்கிறார். கண்ணில் தண்ணீர் முட்டியது. பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர்கள் நிற்கிறார்களா என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிளாஸைக் கொண்டுபோய்க் கடையில் வைத்துவிட்டு வந்தார்.

“அந்த டீமு மாயாபந்தருக்கு என்னைக்குப் போகுது?”

“நாளைக்கு.”

“மொத பஸ்ஸு எப்ப?”

மறுநாள் அவர்கள் மாயாபந்தர் போய்ச் சேர்ந்தபோது காம்பில் கூட்டம் இன்னும் சேரவில்லை. கவிப்ரியா பெட்டியிலிருந்து மெஷினை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

செல்லம் முந்தின இரவு முழுக்க எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தாள். வாய் திறந்ததும் எல்லாம் போய் ஒன்றுதான் மிஞ்சியது.

“நேத்து டெஸ்ட்ல கேட்டது அவுக காது இல்ல தாயி. என் கால்.”

அந்தப் பெண் விழித்தாள். செல்லம் விவரமாகச் சொல்லி, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலை அழுத்தியே காட்டினாள். அழுத்திய உடனே, எதற்கென்று தெரியாமலே, அழகையா “ஆமா” என்றார். கவிப்ரியா சிரித்துவிட்டாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு, “மன்னிச்சுக்குங்க ஐயா” என்றாள்.

“நீ சிரி தாயி. நல்லாச் சிரி” என்றார் அழகையா. அவள் கண்ணில் கோபம் இல்லாததைப் பார்த்துச் சொன்னதுதான். “எனக்குக் காது கேக்காது. எம்பொண்ணுகிட்டப் பேசணும். மறுபடியும் டெஸ்ட் எடு.”

அஞ்சாறு வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல்முறை. வானம் இடிந்து விழவில்லை. வரிசையில் முதலாவதாக நின்ற ஒரு தெலுங்குக்கார ஆள் மட்டும் ‘நமக்கும் அதேதான்’ என்பதுபோலத் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

“எடுக்கறேன் ஐயா. ஆனா அம்மா வெளியில இருக்கணும்” என்றாள் கவிப்ரியா. “காலையும் சேர்த்து.”

செல்லம் வெளியே போய் ஜெட்டியைப் பார்த்த வேப்பமரத்தடியில் நின்றாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவர் தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அழுத்த ஒரு கால் இல்லாமல், பார்க்க ஒரு உதடு இல்லாமல். காது போன நாளிலிருந்து அவரை அப்படித் தனியாக எங்கேயும் விட்டதில்லை என்று தோன்றியது. ஜெட்டியில் ஒரு படகு ஹாரன் அடித்தது. அவள் கால் மண்ணை ஒருமுறை அழுத்தியது. “சனியனே, சும்மா இரு” என்று அதைத் திட்டினாள்.

கதவு திறந்தபோது அழகையா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“ஃபெயிலு” என்றார். “ஒண்ணுமே கேக்கல, செல்லம். அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் போட்டுப் பாத்திருக்கும்போல. நான் சும்மாவே உக்காந்திருந்தேன். இவ்வளவு போயிருக்கும்னு நானே நெனக்கல.”

பின்னாலேயே கவிப்ரியா தாளோடு வந்தாள். “அறுபதுக்குமேல அம்மா. டாக்டரும் பாத்துட்டாரு. சர்டிபிகேட் கிடைக்கும், மெஷினும் கிடைக்கும். ஃப்ரீதான். ரெண்டு காதுக்கும்.”

செல்லம் அந்தப் பெண்ணின் இரண்டு கன்னத்தையும் வழித்துத் திருஷ்டி கழித்தாள். புருஷன் ஃபெயிலானதற்கு மாயாபந்தர் பஜாரில் அரைக்கிலோ ஜிலேபி வாங்கிய பெண்பிள்ளை அந்தமான் சரித்திரத்தில் அவளாகத்தான் இருக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் ஒன்று கொடுத்தாள். என்ன விசேஷம் என்று அவர் கேட்டார். “எனக்குக் காது கேக்கலன்னு கவர்மென்ட்டே ஒத்துக்கிச்சு” என்றார் அழகையா, அந்த ஆளின் உதட்டைப் படித்து. அவருக்கு அன்று எதையும் மறைக்கிற உத்தேசம் இல்லை.

மெஷின் வர அதற்கப்புறம் சில வாரம் ஆயிற்று. அந்த வாரங்களில் செல்லம் ஸ்வப்னாவின் வீட்டு வாசலைத் தேய்த்துவிட்டாள். ரூபாவுக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. ‘கொஞ்சம் பொறுடி, அப்பா கூப்பிடுவாரு’ என்று சொன்னால் அந்தப் பக்கம் ‘ம்’ என்று மட்டும் கேட்டது. ஒருநாள் ஸ்வப்னாவே ஓடி வந்தாள். “ஆ கயா தீதி! வந்தாச்சு! திக்லிபூர் சொந்தக்காரரைக் கூட்டிட்டு வாங்க.”

“உனக்கு மொதல்லயே தெரியுமா?” என்று செல்லம் கேட்டாள்.

“அரே, பஜாருக்கே தெரியும். நீங்க ரெண்டு பேரும் வருத்தப்படுவீங்கன்னு யாரும் சொல்றதில்ல.”

ஆக, அஞ்சாறு வருஷமாக ரங்கத் முழுவதும் சேர்ந்து அவர்களுக்காகக் காது கேட்காததுபோல நடித்திருக்கிறது. செல்லத்துக்கு வெட்கமாகவும் இருந்தது, ஊர்மேல் பிரியமாகவும் இருந்தது.

கவிப்ரியாவே வந்து இரண்டு காதுக்குப் பின்னாலும் மாட்டி, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்தாள். அவர் முதலில் கேட்டது மின்விசிறியை. “இதுக்கு எண்ண போடணும்” என்றார். அப்புறம் தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டு இரண்டடி நடந்து பார்த்தார். ஆட்டோவின் ஹாரனுக்குத் துள்ளினார். வீட்டுக்கு வந்ததும் செல்லம் வெங்காயம் வதக்கிய சத்தத்தை அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். “கொஞ்ச நாள் எல்லாம் தகரத்துல தட்டுற மாதிரிதான் கேக்கும், பழகணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு” என்றார். “ஒன் கொரலும் தகரமாத்தான் இருக்கு.”

“அது எப்பவுமே அப்பிடித்தான்” என்றாள் செல்லம்.

ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்கவில்லை. மறுநாள் சாயங்காலமே பலாமரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டார்கள். செல்லம் போன் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கவிப்ரியா சொல்லிக் கொடுத்திருந்தபடி அவர் மெஷினை ஒட்டி, கொஞ்சம் மேலாகப் பிடித்துக்கொண்டார். 

“ரூபா, அப்பா பேசுறேன்.”

அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள். ஸ்பீக்கர் போடாததால் செல்லத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் கால் சும்மா இருக்குமா? எழுந்து அவர் காலைத் தேடிப் போயிற்று. அழகையா தன் காலை மெல்ல இழுத்து நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

“இல்லம்மா” என்றார். “கோவமே இல்ல. என்னைக்கும் இல்ல. அன்னைக்கு நீ கேட்டது எனக்குக் காதுல விழல. நீ சொன்ன நல்ல சேதியும் விழல.” போனை இன்னும் ஒட்டிப் பிடித்துக்கொண்டார்.  “எனக்குக் காது கேக்காது, ரூபா. ரொம்ப வருஷமா. ஒனக்குத் தெரியக்கூடாதுன்னு அம்மாகிட்டச் சத்தியம் வாங்கியிருந்தேன். அவ மேல தப்பு இல்ல. இப்ப மெஷின் போட்டிருக்கேன், ரெண்டு காதுலயும். மாப்பிள்ளைகிட்டயும் சொல்லு, சம்பந்திகிட்டயும் சொல்லு. வெக்கம் ஒண்ணுமில்ல.”

செல்லம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் காப்பாற்றி வைத்திருந்த சத்தியத்தை அவரே உடைத்துவிட்டார். அவர் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பைவிடக் கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

“வீட்டுக்கு வா, தாயி” என்றார் அழகையா. “அப்பா கூப்பிடுறேன். வளைகாப்புக்கும் வா, பிள்ளப்பேத்துக்கும் வா. நான் போர்ட் பிளேயருக்கே வந்து நிக்கிறேன்.”

அதன்பிறகு ரூபாதான் பேசினாள். பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். அழகையா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுநடுவே சிரித்தார். ஒருமுறை “அடிப்பாவி!” என்றார். ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘ஆமா ஆமா’ என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை. செல்லம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள், காதை நீட்டினாள், ஒன்றும் எட்டவில்லை. இத்தனை வருஷம் ஊர்ப்பேச்சையெல்லாம் அவருக்கு எடுத்துச் சொன்னவள் அவள். இப்போது தன் மகள் என்ன பேசுகிறாள் என்று தெரியாமல் புருஷன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்ன சொல்றா?” என்றாள்.

அவர் ‘இரு’ என்று கையைக் காட்டினார்.

“என்னங்க, என்னதான் சொல்றா? வர்றாளா?”

அழகையா கண்ணைத் திறக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்கவுமில்லை. நாற்காலிக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த காலை நீட்டி, அவள் காலைத் தேடி, ஒருமுறை அழுத்தினார்.